கையில் சுற்றிய கயிறு

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் கமாண்டர் போனில் கேட்டபோது, நான் ஆரணியில் என் வீட்டு மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்திருக்கும் உயரம் அவ்வளவுதான். ஹெலிகாப்டர் கதவில் நின்று கடலையும் வெள்ளத்தையும் பார்த்த கண்ணால் இப்போது காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காக்கைகள் என்னை மதிப்பதில்லை. நீங்களாவது இரண்டு பக்கம் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வீரக்கதை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் தன்னை வீரனென்று நினைத்துக்கொண்டவர்கள்தான் எங்களுக்கு அதிகம் தலைவலி கொடுத்தார்கள். நான் சொல்லப்போவது என் கையைப் பற்றி. இந்த வலது கை செய்த ஒரு தப்பு, பல வருஷம் கழித்து ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வின்ச் ஆபரேட்டர். ஹெலிகாப்டர் ஓர் இடத்தில் அசையாமல் நிற்க, கதவோரம் இருக்கும் வின்ச்சிலிருந்து இரும்பு வடத்தை இறக்கி ஏற்றி ஆட்களைத் தூக்குகிற வேலை. பைலட்டுக்குத் தன் காலடியில் நடப்பது தெரியாது. ஆபரேட்டர்தான் குனிந்து பார்த்து, முன்னால் வா, வலப்பக்கம் போ, நில் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் ஓயக் கூடாத உத்தியோகம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பயிற்சிக்குப் போன முதல் மாதத்தில் நடந்தது இது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது இறக்கைக் காற்றில் அது பம்பரமாகச் சுழலும். சுழலாமல் இருக்க அதன் ஒரு முனையில் நீளக் கயிறு கட்டி, கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு, மேலே போகப்போக விட்டுக்கொடுக்க வேண்டும். அதை கைடு ரோப் என்போம். அன்று ஸ்ட்ரெச்சரில் மணல் மூட்டை, கீழே கயிறு பிடித்தவன் நான். கயிறு கொஞ்சம் தொய்வாக வந்தது. என் கை தானாகத் தொய்வை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலை ஒதுக்கி, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து, அழகாக மூன்று சுற்று.

ஆரணிக்காரன் என்றால் சொல்ல வேண்டியதில்லை, நான் பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பட்டு இழை எங்கே தொய்ந்து தொங்கினாலும் விரலில் சுற்றி எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் நடைமுறை. தொங்க விட்டால் சிக்கு விழும், சிக்கு விழுந்தால் அம்மாவிடம் திட்டு விழும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழகிய கை. அது பட்டு இழையா, ஸ்ட்ரெச்சர் கயிறா என்று அதற்கு என்ன தெரியும்?

எங்கள் பயிற்சியாளர் ஒரு வார்த்தை கத்தவில்லை. நேராக நடந்து வந்தார், இடுப்புக் கத்தியை எடுத்தார், என் கைக்கு ஒரு முழம் மேலே கயிற்றை வெட்டினார். மேலே மணல் மூட்டை சுற்றத் தொடங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாபா, இந்தக் கைய ஊருக்கு எடுத்துகினு போவணுமா, இங்கயே வுட்டுட்டுப் போறியா?" என்றார்.

"சார்?"

"அங்க மேல காத்து ஒரு தள்ளு தள்ளுச்சுன்னா, கயிறு இழுக்கும். நீ வுடணும்னு நெனைக்கறதுக்குள்ள வெரலு போயிடும். இல்ல, நீயே போயிடுவ. யாரு உனக்கு சுத்தக் கத்துக் குடுத்தது?"

"எங்கம்மா சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். எங்கள் ஊர்த் தறிகளைப் பற்றி அவருக்குத் தெரியும். வெட்டிய துண்டைச் சுருட்டி என் சட்டைப் பையில் செருகினார். "அம்மா சரியாத்தான் கத்துக் குடுத்துகிறாங்க. தறிக்கு. இங்க உள்ளங்கையத் தொறந்து வச்சிகினு அதுமேல கயிற ஓட வுடணும். தெரியாதவன் பண்ற தப்ப நான் பாத்துடுவேன். நல்லாத் தெரிஞ்ச கை பண்ற தப்புதான் யாரு கண்ணுக்கும் ஆப்படாது" என்றார்.

இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஒவ்வொருவரும் எங்கிருந்தோ ஒரு நல்ல பழக்கத்தோடு வந்திருக்கிறீர்கள். கடற்கரையிலிருந்து வந்த பையன்கள் கயிற்றைக் கண்டால் எதிலாவது முடிச்சுப் போட்டு விடுகிறார்கள். படகில் அதுதான் சரி. ஹெலிகாப்டரோடு இணைந்த கயிற்றைத் தரையில் எதிலாவது கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கை எந்த வீட்டில் வளர்ந்தது என்பதை முதலில் நீங்களே விசாரித்துக்கொள்வது நல்லது.

மறுநாளிலிருந்து அவர் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் நாங்கள் வரிசையாக நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்ட வேண்டும். மோதிரம் இருக்கிறதா, கையுறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். என் முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பதுபோல இருக்கும். மற்ற பிரிவுக்காரர்கள் ஹெலிகாப்டர் நிறுத்தும் ஹாங்கர் வாசலில் நின்று சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

என் கை அவ்வளவு எளிதில் திருந்தவில்லை. ஒரு நாள் மெஸ்ஸில் இனிப்பு டப்பாவின் சணலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எதிரே அவர் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். குடும்ப வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அதனால் எங்கள் பிரிவே ஐந்தரை மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்குப் பசியோடு அலையும். அவர் என் விரல்களைக் காட்டினார். சணல் நான்கு விரலுக்கும் சேர்த்து மூன்று சுற்று சுற்றியிருந்தது. "பேஜாரான கைபா உன்னுது" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று எனக்கு மைசூர்பாகு கிடைக்கவில்லை.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். அவர் ஓய்வு பெற்றுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டிருந்தது. ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில் எங்கள் மாவட்டத்து ஆறுகளெல்லாம் ஒன்றாகப் பெருகின. எங்கள் ஹெலிகாப்டரை அங்கேயே அனுப்பினார்கள். ஊருக்குப் போகிறோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செய்யாறு தாண்டியதும் கதவிலிருந்து எட்டிப் பார்த்து, அதோ அந்த அரிசி ஆலை, இதோ என் சித்தப்பா நிலம் என்று இன்டர்காமில் பேசிக்கொண்டே வந்தேன். பைலட் வடக்கத்திக்காரர், நிதானமான மனிதர். சுற்றுலா முடிந்துவிட்டதா, இனி வேலையைப் பார்க்கலாமா என்று இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டார். சரியான கேள்வி. சொந்த ஊர் மேல் பறக்கும்போது கண் பார்க்க வேண்டியதை விட்டு, பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கும்.

ஆரணிக்குக் கிழக்கே ஆற்றோரக் கிராமம் ஒன்றில், தண்ணீர் சூழ்ந்த ஒரு சின்ன மாடி வீடு. மாடியில் இரண்டு பேர். ஒரு பெரியவர் படுத்திருந்தார். பக்கத்தில் நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மீட்பாளன் செல்வினை வடத்தில் இறக்கினேன். இறங்கியவன், பெரியவருக்கு இடுப்பு உடைந்திருக்கிறது, ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று சைகை காட்டினான். அவன் ரேடியோ ஏற்கெனவே மழையில் நனைந்து உயிரை விட்டிருந்தது.

ஸ்ட்ரெச்சரையும் கைடு ரோப்பையும் இறக்கினேன். பெரியவரைக் கட்டிவிட்டு, செல்வினும் அவரோடு மேலே வர வேண்டும். வழியில் ஸ்ட்ரெச்சர் தென்னை மரத்தில் மோதாமல் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் கீழே கயிறு பிடிக்க இருப்பது அந்தப் பெண் ஒருத்திதான். அவன் கயிற்றை அவளிடம் கொடுத்துக் காதருகே ஏதோ சொன்னான். இறுக்கிப் பிடிக்க வேண்டாம், இழுத்தால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னதாகப் பிறகு சொன்னான். எங்கள் இறக்கைச் சத்தத்தில் கோவில் மணி அடித்தால்கூடக் கேட்காது. அவள் தலையை ஆட்டினாள். அவன் திரும்பி ஸ்ட்ரெச்சரோடு தன்னை மாட்டிக்கொண்டு, தூக்கு என்று கட்டைவிரலைக் காட்டினான்.

தூக்கினேன். ஸ்ட்ரெச்சர் இடுப்பளவு எழுந்தது. பைலட், எரிபொருள் இன்னும் பத்து நிமிஷத்துக்குத்தான், காற்று திரும்புகிறது, வலப்பக்கம் கொஞ்சம் நகரலாமா என்றார். நகரலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், வழக்கம்போல ஒரு முறை கயிற்றை நுனிவரை கண்ணால் தடவினேன்.

அவள் கையில் கயிறு மூன்று சுற்று. கட்டைவிரல் ஒதுங்கி, நான்கு விரலுக்கும் சேர்த்து.

எழுபது அடி உயரத்திலிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். அது என் அம்மாவின் கை. என் கை. கயிறு தொய்வதைக் கண்டதும் அவள் நல்ல மனதோடு எடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஹெலிகாப்டர் வலப்பக்கம் இரண்டு கஜம் நகர்ந்தால் போதும், விரல் போகும், அல்லது அவளே மாடியிலிருந்து ஆற்றுக்குள் போவாள்.

"நகராதீங்க" என்றேன். என் வாயில் தமிழ்தான் வந்தது. பைலட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஹெலிகாப்டர் ஆணி அடித்ததுபோல நின்றது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. காற்று அவரைத் தள்ளிக்கொண்டிருக்க, எரிபொருள் குறைந்துகொண்டிருக்க, என் குரலை மட்டும் நம்பி நின்றார். அப்படி ஒரு பைலட் உங்களுக்குக் கிடைத்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுங்கள். முதலில் உங்களை நம்பி, தன் சந்தேகங்களை அவர் பிறகு கேட்கும்படி தினமும் நடந்துகொள்ளுங்கள்.

செல்வினுக்குச் சொல்ல வழியில்லை. அவன் முதுகு அவள் பக்கம். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் வின்ச் நின்றுவிடும். எடுத்தேன். அந்தக் கையை வெளியே நீட்டி, விடு, விடு என்று ஆட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சந்தோஷமாகப் பதிலுக்குக் கையை ஆட்டினாள். கயிறு சுற்றிய கையை.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்போதுதான் தெருவில் பாவு நீட்டுகிற காட்சி நினைவுக்கு வந்தது. புடவையின் நீள இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்வதைத்தான் பாவு நீட்டுவது என்போம். இரு பக்கமும் தறி ஓடும் சத்தத்தில் இந்த முனையில் கத்துவது அந்த முனைக்குக் கேட்காது. அதனால் எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் கைதான். சுற்றியதைப் பிரித்துத் தளர விடு என்பதற்கு, கையைத் தலைக்கு மேலே தூக்கி, மணிக்கட்டை எதிர்ப்பக்கமாக மூன்று முறை சுற்றி, உள்ளங்கையை முழுசாக விரித்துக் காட்டுவார்கள். அம்மா காட்டுவாள், எதிர்முனையில் நான் பிரிப்பேன்.

கதவிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டு அதைச் செய்தேன். கை மேலே, எதிர்ச்சுற்று மூன்று, விரித்த உள்ளங்கை.

அவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தாள். மளமளவென்று மூன்று சுற்றையும் பிரித்தாள். உள்ளங்கையை விரித்து, கயிற்றை அதன்மேல் கிடத்தி, சரியா என்பதுபோல எனக்குத் தூக்கிக் காட்டினாள். பயிற்சி முடித்தவன்கூட அவ்வளவு சுத்தமாகப் பிடிக்க மாட்டான்.

நகரலாம் என்றேன். நாங்கள் நகர்வதற்குள் காற்றே நகர்த்திவிட்டது. ஸ்ட்ரெச்சர் சடாரென்று தென்னை மரப் பக்கம் வீச, கயிறு அவள் உள்ளங்கைமேல் சரசரவென்று ஓடியது. அவள் விட்டாள். நுனி காற்றில் துள்ளிப் போயிற்று. செல்வின் காலால் மரத்தை உதைத்து விலகினான். கீழே அவள் வெறும் கையைப் பார்த்துக்கொண்டே மாடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பெரியவரை உள்ளே இழுத்துப் போட்டபோது எனக்கு மழையிலும் வியர்த்திருந்தது.

அடுத்து அவள். மறுபடி இறங்கிய செல்வின், மேலே பார்த்துத் தன் வயிற்றின்மேல் பெரிதாக வளைவு போட்டுக் காட்டினான். நிறைமாதம்! நைட்டிக்குள் வயிறு முன்தள்ளியிருப்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன். அக்குளுக்கடியில் பட்டி போட்டுத் தூக்கும் யோசனையை விட்டுவிட்டு, ஆளை உட்காரவைத்துத் தூக்கும் கூடையை இறக்கினேன். கர்ப்பிணி வருகிறார், மருத்துவக் குழு தயாராக இருக்கட்டும் என்று பைலட் தரைக்குச் சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பூப்போல நான் யாரையும் தூக்கியதில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினோம். இரண்டு நர்சுகள் தூக்குப் படுக்கையோடு ஓடி வந்தார்கள்.

"அக்கா, மெதுவா எறங்குங்க. எத்தினி மாசம் ஆவுது?"

"இன்னாத்துக்கு எத்தினி மாசம்?" என்றாள் அவள். "எனக்கு ரெண்டு பசங்களும் காலேஜு படிக்கறாங்க. எங்க மாமனாரப் பாருங்க ஜல்தி." சொல்லிக்கொண்டே ஓரமாகத் திரும்பி நின்று, துண்டை விலக்கி, வயிற்றில் கட்டியிருந்ததை அவிழ்த்தாள். பிளாஸ்டிக் தாளில் ஏழு சுற்றுச் சுற்றிய பட்டுப் பாவு. அரக்குச் சிவப்பு. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

செல்வினின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஏம்மா, மூட்டை முடிச்சு எதுவும் எடுத்துகினு வரக் கூடாதுன்னு அவர் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"இது மூட்ட இல்லீங்கண்ணா. கல்யாணப் பொடவப் பாவு. ஆத்தோட போச்சுன்னா ஆர்டர் குடுத்த பொண்ணு முகூர்த்தத்துக்கு இன்னா கட்டும்?" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்கதான மேல இருந்துகினு கை காட்னது? மொதல்ல டாட்டா காட்றீங்கன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, பாவு இழையத் தளத்துன்னு சொல்றீங்க. இன்னாடா இது, ஹெலிகாப்டர்ல எங்க தெரு ஆளு வந்துகிறாருன்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"ஆரணிதாம்மா. எங்க வூட்லயும் தறிதான்."

"அதான பாத்தேன்!" என்று அவள் சிரித்தாள். நனைந்த தலையும் நடுங்குகிற உடம்புமாக அவள் சிரித்த சிரிப்பில் நர்சுகளும் சிரித்தார்கள், செல்வின் சிரித்தான், ஒன்றும் புரியாமல் பைலட்டும் சிரித்தார். அவள் பெயர் வசந்தா. அன்றைய சந்தோஷம் இப்போதும் என்னிடம் குறையாமல் இருக்கிறது.

ஆனாலும் உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பட்டு மூட்டைமேல் நாங்கள் பட்டியை மாட்டித் தூக்கியிருந்தால் அது வழுக்கி அவள் நழுவியிருக்கலாம். கர்ப்பம் என்று நாங்கள் தப்பாக நினைத்ததால் கூடை இறங்கியது, பிழைத்தாள். அது எங்கள் சாமர்த்தியம் அல்ல. அறிக்கையில் அதையும் எழுதினேன். அதன்பிறகு யாரைத் தூக்கினாலும், உடம்பில் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டுத் தொட்டுப் பார்க்காமல் எங்கள் பிரிவில் யாரும் பட்டி மாட்டியதில்லை. நீங்கள் அதை விதிப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது எந்த வயிற்றிலிருந்து பிறந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று மாலை என் பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். பொழுது இருந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் கை இன்னா பண்ணுச்சு?" என்றார்.

"தொறந்துதான் சார் இருந்துச்சு."

"அப்ப சரி. மைசூர்பாகு வாங்கித் துன்னு" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கித் தின்றேன்.

இத்தோடு முடித்திருப்பேன். போன வாரம் கடைத்தெருவில் நடந்ததைச் சொல்லாவிட்டால் நான் பெரிய மகான் என்று நினைத்துவிடுவீர்கள். காலை பத்து மணி, ஆரணி பஜாரில் எள் விழ இடமில்லை. இரண்டு கிலோ தக்காளியோடு துணிப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தேன். எதிர்ச்சாரியில் யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். மணிக்கட்டு எதிர்ப்பக்கமாக மூன்று முறை சுற்றியது. உள்ளங்கை விரிந்தது. வசந்தா! எத்தனை வருஷத்துக்குப் பிறகும் வணக்கத்துக்குப் பதில் இதைச் செய்கிறாளே என்று உருகிப்போய் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. இன்னும் வேகமாக, இன்னும் பெரிதாக அதையே செய்தாள்.

அப்புறம்தான் குனிந்து என் கையைப் பார்த்தேன். பையின் நீளமான காது நான்கு விரலுக்கும் சேர்த்து மூன்று சுற்று. பதறிப் பிரித்துக் கையை விரித்தேன். விரலில் வெறுமனே தொங்கிய பையை, பின்னாலிருந்து உரசிக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோவின் கம்பி கொத்தி எடுத்துக்கொண்டு போனது. தக்காளி பஜார் முழுக்க உருண்டது.

வசந்தா ரோட்டைத் தாண்டி ஓடி வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு மட்டும் சொல்லிக் குடுத்தீங்களே, உங்களுக்கு ஆர்ண்ணா சொல்றது?" என்று கேட்டாள். ஒரு தக்காளிக்காரியும் இரண்டு டீக்கடைக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். நான் இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவளிடம் நீட்டினேன். பயிற்சியாளர் வரிசையில் நிறுத்திச் சோதித்ததுபோல அவள் ஒவ்வொரு விரலாக எண்ணினாள். பத்தும் இருந்தன.

நாளை காலை ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு முன் ஒருவருக்கொருவர் கையை விரித்துக் காட்டுங்கள். மற்ற பிரிவுக்காரர்கள் சிரித்தால், சேர்ந்து சிரியுங்கள்.